பேப்பர் படிக்கப் போகும் பிள்ளை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை மஃரிபுக்குப் பிறகு ஒரு நானா வீட்டுக்கு வந்தார். மீன் வியாபாரி. கையில் ஒரு விண்ணப்பப் படிவம். அவருடைய மகள் ஓஎல் வரைக்கும் என்னிடம் வரலாறு படித்த பிள்ளை. ஏஎல் கலைப்பிரிவில் நல்ல பெறுபேறுதான், ஆனால் வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்து பல்கலைக்கழகம் கிடைக்காமல் போய்விட்டது. இப்போது இதழியல் டிப்ளோமா படிக்கவேண்டும் என்று நிற்கிறாளாம்.

"சேர், இப்ப யாரு பேப்பர் வாங்குறாங்க? எங்கட கடையில மீன் சுத்தத்தான் பேப்பர். அதப் படிக்கிறதுக்கும் ஒரு கொலீஜா?" என்று கேட்டார். பகிடியாகக் கேட்கவில்லை. கடன்பட்டுத்தான் படிப்பிக்க வேண்டும், அதனால் கேட்டார்.

எனக்கு அந்த இடத்தில் சரியான பதில் வரவில்லை. தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். பிறகு இரண்டு இரவு யோசித்தேன். அவர் கேட்டது இன்றைக்கு நேற்றுக் கேட்கப்பட்ட கேள்வி இல்லை. 150 வருடத்துக்கு முன்னமே அமெரிக்காவில் பெரிய பெரிய பத்திரிகை ஆசிரியர்களே இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அந்தக் கதையை அவருக்கும் உங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பத்திரிகைத் தொழிலை யாரும் வகுப்பில் படிக்கவில்லை. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஒரு பையன் அச்சுக்கூடத்துக்குப் போவான். கூட்டுவான், மை கலப்பான், சிந்திய ஈய எழுத்துகளைப் பொறுக்கி அந்தந்தப் பெட்டியில் போடுவான். பிறகு எழுத்துக் கோர்க்கப் பழகுவான். எழுத்துகளைத் தலைகீழாகவும் இடம் வலமாகவும் வாசித்து வாசித்தே அவனுக்கு மொழி வந்துவிடும். ஒருநாள் நிருபர் வராவிட்டால் அவனையே கோர்ட்டுக்கு அனுப்புவார்கள். அப்படி வந்தவர்கள்தான் ஆசிரியர்கள் ஆனார்கள். நம்ம பக்கத்தில் தச்சு வேலையும் தங்க வேலையும் பழகிய மாதிரித்தான்.

இதைக் கல்லூரிக்குள் கொண்டுவரலாம் என்று அமெரிக்காவில் முதலில் யோசித்தவர் யார் தெரியுமா? உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலப் படைகளின் தளபதி ரொபர்ட் லீ. போர் முடிந்தபின் வேர்ஜீனியாவில் வொஷிங்டன் கல்லூரி என்ற ஒரு சிறிய கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். பத்திரிகைத் தொழிலுக்குப் போக விரும்பும் இளைஞர்களுக்கு 50 வரையான புலமைப்பரிசில்கள் கொடுக்கலாம், அவர்கள் கல்லூரியில் படித்துக்கொண்டே அந்த ஊர் அச்சுக்கூடத்தில் வேலை பழகட்டும் என்று 1869இல் திட்டம் போட்டார். அழிந்துபோன தென்பகுதியை மீண்டும் கட்ட எழுதத் தெரிந்தவர்கள் வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அடிமை முறையைக் காப்பாற்ற நின்ற படையை நடத்தியவர் என்பதையும் சேர்த்துத்தான் அவரை நினைக்கவேண்டும், அது வேறு கதை. நியூயோர்க் ஆசிரியர்கள் சிரித்தார்கள். பத்திரிகை அலுவலகத்தை விட்டால் இந்தத் தொழிலுக்கு வேறு பள்ளிக்கூடம் ஏது என்பதுதான் அவர்களுடைய பேச்சு. அடுத்த வருடம் லீ இறந்துபோனார். திட்டமும் கொஞ்சக் காலத்தில் மறைந்துவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நம்ம நாட்டுக்கு வருகிறேன். லீக்கு முன்னமே அமெரிக்கர்கள் கையால் கல்லூரியும் அச்சகமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இடம் ஒன்று இலங்கையில் இருந்தது. அமெரிக்க மிஷன் 1820இல் கரெட் என்ற ஓர் அச்சாளரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. அப்போது ஆட்சியில் இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் அவரை இருக்க விடவில்லை. அவர் பம்பாய்க்குப் போய்விட்டார். அச்சாளர் ஒருவருக்கே அரசு அவ்வளவு பயந்திருக்கிறது! 1823இல் வட்டுக்கோட்டை செமினரி தொடங்கியது. 1830களில் மானிப்பாயில் அச்சகமும் வந்தது. 1841 ஜனவரியில் 'உதயதாரகை' வெளிவந்தபோது அதன் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்ற இருவர். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் என்று நினைக்கவேண்டாம். செமினரியில் படித்த தமிழர்கள்தான். அதே செமினரியில் படித்த சி.வை. தாமோதரம்பிள்ளை 1850களில் சென்னைக்குப் போய் 'தினவர்த்தமானி' பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவராக அவர் ஆனது அதற்குப் பிறகுதான். நன்றாகக் கவனியுங்கள், முதலில் பத்திரிகை, பிறகுதான் பட்டம்.

அங்கே இதழியல் என்று ஒரு பாடம் இருக்கவில்லை. ஆனால் படிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அச்சு இயந்திரம் ஓடினால் என்ன நடக்கும் என்பது தெரிந்தது.

மறுபடியும் அமெரிக்கா. வோல்டர் வில்லியம்ஸ் என்று ஒருவர். மிசூரி மாநிலத்தில் ஒரு சிறிய ஊர்ப் பிள்ளை. நான் மேலே சொன்ன அச்சுக்கூடப் பையனாகத் தொடங்கி ஆசிரியரானவர். கல்லூரிப் படியே மிதிக்காதவர். அவர்தான் பல வருடம் மன்றாடி 1908இல் மிசூரிப் பல்கலைக்கழகத்தில் இதழியலுக்குத் தனிக் கல்லூரி ஒன்றைத் திறக்க வைத்தார். உலகத்திலேயே முதலாவது என்று அதைச் சொல்வார்கள். அதற்குத் தலைவராகவும் அவரையே போட்டார்கள். பின்னாளில் அந்தப் பல்கலைக்கழகம் முழுவதற்குமே தலைவரானார்.

அவர் செய்த காரியத்தில் எனக்கு ஆகப் பிடித்தது இதுதான். 1908 செப்டெம்பர் 14ஆம் திகதி வகுப்பு தொடங்கியது. அன்றைக்கே மாணவர்கள் ஒரு பத்திரிகையையும் வெளியிட்டுவிட்டார்கள். பயிற்சிக் கொப்பியில் எழுதி சேரிடம் காட்டுகிற பத்திரிகை இல்லை. அந்த ஊரில் ஆட்கள் காசு கொடுத்து வாங்கி வாசிக்கிற பத்திரிகை. பிழை விட்டால் ஊர் வந்து கேட்கும். பதினாறு வருடமாகப் படிப்பிக்கிற ஒருவன் என்ற முறையில் சொல்கிறேன், நான் போடுகிற சிவப்புப் பேனா அடியைவிட அந்தப் பயம் நூறு மடங்கு படிப்பிக்கும்.

நியூயோர்க்கில் இன்னொரு கதவு திறந்தது. ஜோசப் புலிட்சர் ஹங்கேரியிலிருந்து பதினேழு வயதில் வந்தவர். ஆங்கிலம் சரியாகத் தெரியாது. சென்ற் லூயிஸ் நகரத்து நூலகத்தில் இருந்து மொழி படித்து, ஜேர்மன் மொழிப் பத்திரிகை ஒன்றில் நிருபராகச் சேர்ந்து, கடைசியில் நாட்டின் பெரிய பத்திரிகை முதலாளிகளில் ஒருவரானார். இதழியல் கல்லூரி தொடங்கக் காசு தருகிறேன் என்று 1892இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திடம் கேட்டார். வேண்டாம் என்றார்கள். விடவில்லை. 20 இலட்சம் டொலர் ஒதுக்கினார். 1911இல் இறந்தார், 1912இல் கல்லூரி திறந்தது.

வில்லியம்ஸ், புலிட்சர் இருவருமே பட்டம் இல்லாதவர்கள். தாங்கள் பட்ட பாட்டை அடுத்த பிள்ளை படக்கூடாது என்று நினைத்திருப்பார்கள் போல.

ஆனால் மிசூரிக்கும் கொலம்பியாவுக்கும் எத்தனை பேரால் போகமுடியும்? விடுதிக் காசு, போக்குவரத்து, வீட்டில் உழைக்கும் ஒரு கை குறைவது. நானாவின் பிரச்சினைதான். இந்த இடத்தில்தான் சமூகக் கல்லூரி வருகிறது.

1901இல் இலினோய் மாநிலத்து ஜொலியற் என்ற ஊரில், ஓர் உயர்நிலைப் பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே ஆறு மாணவர்களோடு ஒரு கல்லூரி தொடங்கினார்கள். பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு வருடப் படிப்பை ஊரிலேயே கொடுப்பது என்பது யோசனை. பட்டப்படிப்பைத் தொடர விரும்பினால் மூன்றாம் வருடத்துக்குப் பல்கலைக்கழகம் போகலாம். இல்லாவிட்டால் அத்தோடு வேலைக்குப் போகலாம். முதலில் 'ஜூனியர் கொலீஜ்' என்றுதான் பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, திரும்பி வந்த படைவீரர்களுக்கு அரசாங்கமே படிப்புச் செலவு கொடுத்தபோது இவை நிரம்பி வழிந்தன. 1947இல் ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த குழு 'சமூகக் கல்லூரி' என்ற பெயரைப் பரப்பியது. 1960களின் பத்து வருடத்துக்குள் மட்டும் 400க்கு மேற்பட்ட புதிய கல்லூரிகள் திறக்கப்பட்டன. நம்ம தொழினுட்பக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கல்லூரிகள் பலவற்றில் மிசூரி முறையைச் சிறிய அளவில் செய்தார்கள். ஒரு வகுப்பில் செய்தி எழுதப் பழக்குவார்கள். முக்கியமானது முதல் வரியில், அடுத்தது அடுத்த வரியில், இடம் போதாவிட்டால் அடியிலிருந்து வெட்டலாம். தலைகீழ்ப் பிரமிட் என்பார்கள். இன்னொரு வகுப்பு கல்லூரிப் பத்திரிகையேதான். அதற்கும் புள்ளி உண்டு. ஒருத்தர் ஆசிரியர், ஒருத்தர் விளையாட்டு, ஒருத்தர் படம், ஒருத்தர் பக்கத்துக் கடைகளுக்கு ஏறி இறங்கி விளம்பரம் பிடிக்கவேண்டும். கல்லூரி நிருவாக சபை கூடும்போது பின்வரிசையில் ஒரு மாணவி கொப்பியோடு இருப்பாள். கட்டணம் கூட்டப்போகிறார்களா, எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு செலவு என்று குறித்துக்கொண்டு வந்து எழுதுவாள். அடுத்த நாள் அதே சபையில் இருந்தவர்கள் அதை வாசிப்பார்கள். பத்திரிகை வந்தபிறகு விரிவுரையாளர் ஒவ்வொரு பக்கத்தையும் எல்லார் முன்னிலையிலும் பிரித்து, எங்கே பெயர் பிழை, எங்கே ஒரு பக்கத்துக் கதை மட்டும் கேட்டிருக்கிறது என்று அடிகோடிடுவார்.

கைவேலையும் இருந்தது. பழைய நாளில் ஈய எழுத்து. பிறகு ஓப்செற் வந்ததும், அச்சடித்த பத்திகளைக் கீலம் கீலமாக வெட்டி, பின்பக்கம் மெழுகு பூசி, பெரிய மட்டையில் ஒட்டிப் பக்கம் அமைப்பார்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு சின்னத் துண்டு கழன்று விழுந்தால், ஒரு படத்துக்குக் கீழே இன்னொருத்தர் பெயர் போய்விடும். 1985இல் பேஜ்மேக்கர் மென்பொருள் வந்தபிறகு கத்தியும் மெழுகும் மெல்ல மெல்ல மூலைக்குப் போயின. வகுப்பில் இருந்தவர்களோ, பகலில் கடையில் நின்றவர்களும், பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்தவர்களும், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்களுமாக இருந்தார்கள்.

அதில் ஒருத்தர் ஜிம் லெஹ்ரர். அவருடைய வாப்பா சின்னதாக ஒரு பஸ் சேவை நடத்தி நட்டப்பட்டவர். மகன் 1950களின் தொடக்கத்தில் டெக்ஸாஸ் மாநிலத்தில் விக்டோரியா கல்லூரி என்ற இரண்டு வருடக் கல்லூரியில் சேர்ந்தார். பஸ் நிலையத்தில் டிக்கெட் வெட்டினார். எந்த பஸ் எந்த ஊர்களுக்குப் போகிறது என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார். அந்த வேலைக்கு நடுவில் கல்லூரிப் பத்திரிகைக்கு ஆசிரியராகவும் இருந்தார். இரண்டு வருடம் முடிந்து எங்கே போனார் தெரியுமா? வில்லியம்ஸ் தொடங்கிய அதே மிசூரி இதழியல் கல்லூரிக்கு. 1956இல் பட்டம். பிறகு டலஸ் நகரத்துப் பத்திரிகைகளில் நிருபர். 1963இல் கென்னடி சுடப்பட்ட நாளில் விமான நிலையத்தில் நின்று செய்தி எடுத்தவர் அவர். பின்னர் தொலைக்காட்சிக்குப் போய், 1988 முதல் 2012 வரை ஜனாதிபதி வேட்பாளர்களின் 12 விவாதங்களை நடத்தினார். நாட்டை ஆளப்போகிறவர்களிடம் கேள்வி கேட்ட அந்தக் குரல் பஸ் நிலையத்தில் பழகிய குரல். 2020இல் காலமானார்.

எல்லாருமே லெஹ்ரர் ஆகவில்லை. பெரும்பாலானோர் சிறிய ஊர்ப் பத்திரிகைகளில் வேலை செய்தார்கள். பலர் வேறு தொழிலுக்குப் போனார்கள். அதையும் சொல்லாவிட்டால் நானாவை ஏமாற்றுவதாகும்.

யார் படிக்கிறார்கள் என்பது ஏன் முக்கியம் என்று 1968இல் அமெரிக்கா ஒரு பாடம் படித்தது. அதற்கு முந்திய கோடையில் டெட்ரொயிட், நியூவார்க் போன்ற நகரங்களில் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் பெரிய கலவரங்கள். ஏன் நடந்தது என்று பார்க்க இலினோய் ஆளுநர் கேர்னர் தலைமையில் ஒரு ஆணைக்குழு போட்டார்கள். அந்த அறிக்கையில் ஒரு அத்தியாயம் முழுக்கப் பத்திரிகைகளைப் பற்றியது. செய்தித் துறையில் ஆசிரியபீட வேலைகளில் இருந்த கறுப்பினத்தவர்கள் 5 வீதத்திலும் குறைவு. வெள்ளையர் கண்ணால் பார்த்து, வெள்ளையருக்காகவே எழுதியிருக்கிறீர்கள் என்று ஆணைக்குழு நேரடியாகவே குற்றம் சொன்னது. பக்கத்துத் தெருவில் இத்தனை வருடம் என்ன புகைந்தது என்பது செய்தி அறையில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு 2020 நினைவுக்கு வந்தது. நம்ம ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட அந்த மாதங்கள். 2021 பெப்ரவரி இறுதியில் அனுமதி கிடைக்கும்வரை நாம் என்ன செய்தோம்? நானும் இந்த முகநூலில் இரவிரவாக எழுதினேன். கோபம், அழுகை, துஆ, எல்லாம் எழுதினேன். ஒருநாள் வெளிநாட்டு நிருபர் ஒருவர் என் பதிவைப் பார்த்துவிட்டு உள்பெட்டியில் கேட்டார்: எந்தத் திகதி, எந்த வைத்தியசாலை, குடும்பத்துக்குக் கொடுத்த கடிதம் இருக்கிறதா, அதிகாரிகளிடம் விளக்கம் கேட்டீர்களா என்று. என்னிடம் ஒன்றுமே இல்லை. யாரோ சொன்னதை யாரோ எழுதியதை நான் பகிர்ந்திருக்கிறேன். நடந்தது உண்மை, ஆனால் அதை உண்மை என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. அன்றைக்கு எங்கட ஊரில் அந்த வேலை தெரிந்த ஒரு பிள்ளை இருந்திருந்தால் என்று இன்றும் நினைப்பேன்.

நம்மிடம் அந்த எண்ணமே இருந்ததில்லை என்று இல்லை. கண்டியில் சட்டத்தரணியாக இருந்த சித்தி லெப்பை 1882 டிசம்பரில் 'முஸ்லிம் நேசன்' வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அவருக்கு இதழியல் கல்லூரி ஏது? மிசூரிக் கல்லூரி திறக்கவே இன்னும் 26 வருடம் இருந்தது. சொந்தக் காசைப் போட்டார், சொந்தச் சமூகத்திடமே ஏச்சும் வாங்கினார். பெண்பிள்ளைகள் படிக்கவேண்டும் என்று எழுதியவரும் அவர்தான்.

இனி ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வில்லியம்ஸின் அதே மிசூரி மாநிலத்தில், ஹேசல்வூட் என்ற இடத்தில், 1983இல் ஒரு பள்ளிக்கூட அதிபர் மாணவர் பத்திரிகையின் இரண்டு பக்கங்களை அச்சுக்குப் போக முன் எடுத்துவிட்டார். மாணவிகளின் கர்ப்பம் பற்றியும் பெற்றோரின் விவாகரத்துப் பற்றியும் பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வகுப்பின் பகுதியாக வரும் பத்திரிகையில் அதிபருக்கு அந்த அதிகாரம் உண்டு என்று 1988இல் தீர்ப்பு வந்தது. ஐவர் ஆம் என்றார்கள், மூவர் இல்லை என்றார்கள். உயர்கல்வி நிறுவனங்களுக்கும் இது பொருந்துமா என்று பிறகும் வழக்காடினார்கள். கலிபோர்னியா போன்ற மாநிலங்களோ பள்ளிக்கூடத்துக்கும் சமூகக் கல்லூரிக்கும் சேர்த்து மாணவர் எழுத்தைக் காக்கத் தனிச் சட்டமே வைத்திருக்கின்றன.

நான் ஆசிரிய கலாசாலையில் இருந்தபோது நாங்கள் ஒரு சுவர்ப் பத்திரிகை நடத்தினோம். அந்தப் பழக்கத்தில் பாடசாலையிலும் ஒன்று தொடங்கினேன். சில வருடத்துக்கு முன் ஒரு மாணவி, பெண்பிள்ளைகளின் கழிப்பறையில் எத்தனை நாளாகத் தண்ணீர் இல்லை என்று எழுதிக் கொண்டுவந்தாள். திகதி போட்டு, நாள் எண்ணி, காவலாளியிடமும் கேட்டு எழுதியிருந்தாள். அடுத்த நாள் வலயத்திலிருந்து அதிகாரிகள் வருவதாக இருந்தது. நான் அந்தத் தாளைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாகத்தான் கழற்றினேன். அந்தப் பிள்ளை ஏன் என்று கேட்கவும் இல்லை. இப்போது விண்ணப்பப் படிவத்தோடு நிற்பது அந்தப் பிள்ளைதான்.

நானாவின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், சோறு போடுமா என்ற கேள்வி. அமெரிக்காவில் 2005க்குப் பிறகு மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட பத்திரிகைகள் மூடப்பட்டுவிட்டன. சமூகக் கல்லூரிப் பத்திரிகைகளும் பல, அச்சை விட்டு இணையத்துக்கு மட்டும் போய்விட்டன. நம்ம நாட்டில் 2022 நெருக்கடியில் கடதாசி இல்லாமல் பத்திரிகைகள் பக்கத்தைக் குறைத்ததை எல்லாரும் பார்த்தோம். ஆகவே பேப்பரில் வேலை உறுதி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கொழும்பில் 2004இல் தொடங்கிய இலங்கை இதழியல் கல்லூரி மாதிரியான இடங்களில் தமிழிலும் படிக்கலாம். அங்கே பழகுகிற வேலை, அதாவது ஆளைத் தேடிப்போய்க் கேட்பது, இரண்டு பக்கத்தையும் கேட்பது, பெயரைச் சரியாக எழுதுவது, கடிதத்தைக் கையில் வாங்காமல் நம்பாதது, இது வானொலிக்கும் வேண்டும், தொலைபேசியில் ஓடுகிற செய்திக்கும் வேண்டும். நானாவிடம் இவ்வளவும்தான் சொன்னேன். நேற்று அவருடைய கடைக்கே போய்ச் சொன்னேன்.

அவர் மீன் வெட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், "ஹொஸ்டல் இருக்கா சேர்? பொம்புளப் புள்ள" என்றார். விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். உங்களில் யாருக்காவது கொழும்பில் பாதுகாப்பான தங்குமிடம் தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். படிவம் அனுப்ப இந்த மாத முடிவுவரை நேரம் இருக்கிறது.

இரவு அந்தப் பிள்ளை வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருந்தாள். துறையில் ஐஸ் விலை கூடியதைப் பற்றி. நன்றாகத்தான் இருந்தது. 'மீனவர்கள் கவலை தெரிவிக்கின்றனர்' என்ற இடத்தில் மட்டும் அடிகோடிட்டு, எத்தனை பேர், யார் யார், ஐஸ் கொம்பனிக்காரரிடம் கேட்டாயா என்று திருப்பி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது:

"கேக்கல்ல சேர். நாளைக்கு சுபஹுக்குப் பிறகு துறைக்குப் போறன். வாப்பாவும் கூட வாறாராம்."